உண்டியல் இல்லாத மலைக்கு ஓர் எஸ்டிமேட்

என் வீட்டுக்காரர் மெக்கானிக். முத்தியால்பேட்டையில் அவருடைய பட்டறையும் எங்கள் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. முன்பக்கம் ஸ்கூட்டர், பின்பக்கம் குடும்பம். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு தொகையைச் சொல்லுவார், அப்புறம் அதோடு பாதியைக் கூட்டிச் சொல்லுவார். "வண்டியப் பிரிச்சாதான் உள்ள என்னா இருக்குதுன்னு தெரியும்" என்பது அவர் நியாயம். இந்த நியாயத்தைக் கேட்டு எத்தனையோ பேர் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் இமயமலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தபோது, எஸ்டிமேட் போடத் தெரிந்த ஆள் வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆசை வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். இருமல் மருந்து பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, ஊர் பேர் ஒட்டி அனுப்ப வேண்டும். டேராடூனுக்கு மாதம் தவறாமல் பெட்டி போகும். நான் அடுக்குகிற பெட்டி அவ்வளவு தூரம் போகிறது, நான் சென்னையைத் தாண்டியதில்லை என்று ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது உறைத்தது. அங்கேயே செல்போனில் டேராடூனைத் தேடினேன். அதற்கும் மேலே மலை, மலைமேல் பனி, பனியில் முதுகுப்பையோடு நடந்து போகிற ஒரு பெண்மணியின் வீடியோ. என்னைப் போல ஐம்பதைத் தொடுகிற வயது. என்னைவிட ஒரு சுற்று பருமன் வேறு. அவள் போகலாம், எனக்கென்ன குறைச்சல் என்று கோபமே வந்துவிட்டது. எனக்கு ஆசை பெரும்பாலும் கோபமாகத்தான் வரும்.

வழிகாட்டி வைத்துக் கூட்டிப் போகிற ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாகத் தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி எடுத்தாள். கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்று இனிமையாகச் சொன்னாள். "சரிம்மா, அடங்காதது என்னா?" என்று கேட்டேன். பெட்டி அடுக்கிப் பிழைக்கிறவளுக்கு உள்ளே இருப்பதைவிட இல்லாததுதான் முதலில் கண்ணில் படும். அடங்காதது நிறைய இருந்தது. ரயில், ஜீப், ஷூ, குளிர் கோட்டு, டாக்டர் சர்டிபிகேட், இன்சூரன்ஸ், நம் பையைக் கோவேறு கழுதைமேல் ஏற்றினால் அதற்குத் தனி வாடகை.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு இவர் எஸ்டிமேட் போட உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்லக் கூட்டினார். கடைசியில் வழக்கம்போல, "பிரிச்சாதான் தெரியும்" என்று மேலே கொஞ்சம் ஏற்றினார். ஐம்பத்திரண்டாயிரம் வந்தது. கம்பெனியில் போட்ட சீட்டும் தீபாவளி போனஸும் சேர்ந்து என் கையில் நாற்பதாயிரம் இருந்தது. பன்னிரண்டாயிரம் துண்டு விழுந்தது.

"பட்டறைக் காசுல குடுத்துடறேன், போயேன்" என்றார். வேண்டாம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என் சம்பளம் காஸ், பால், பள்ளிக்கூடம் என்றே போயிருக்கிறது. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, நானேதான் கொடுத்தேன். ஆனால் இந்த ஒரு பயணம் மட்டும் என் காசில், எனக்காக மட்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். கடன் வாங்கிப் போனால் பனிமேல் நின்றுகொண்டு வட்டியைத்தான் நினைப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கையில் இருப்பதற்குள் செலவு அடங்கினால் போவது, அடங்காவிட்டால் டேராடூனுக்குப் பெட்டியை மட்டும் அனுப்பிக்கொண்டு இருப்பது.

முதலில் கை வைத்தது குளிர் கோட்டில். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கோட்டுக்கும் பஞ்சமில்லை. பிரான்சிலிருந்து வந்துபோகிற சொந்தக்காரர்கள், அங்கே போட்டது இங்கே எதற்கு என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற கோட்டுகள் எத்தனையோ வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன. அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற, ஊரே மரியாதையாக முசே என்று கூப்பிடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியிடம் போய்க் கேட்டேன். "எடுத்துனு போம்மா, அந்துருண்டை வாங்கி வாங்கியே நான் அழிஞ்சிட்டேன்" என்று கையில் திணித்தார். முசே நல்ல வாட்டசாட்டமான ஆள். அந்தக் கோட்டுக்குள் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே நுழையலாம்.

பக்கத்து வீட்டில் தையல்காரத் தங்கச்சி இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ரம்ஜான் கஞ்சியும் பொங்கலும் அதன் மேலாகத்தான் கை மாறும். திருப்பிக் கொடுக்க வேண்டிய கோட்டு என்பதால் வெட்டாமல் உள்பக்கம் மடித்துத் தைத்தாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குக்கா போறீங்க?"

"சும்மாதான். பாக்கணும்னு தோணுச்சு."

"சும்மான்னா நல்லாத்தான் இருக்கும்" என்று அடுத்த கையை மடிக்கப் போய்விட்டாள். அதுவரை ஏன் போகிறாய் என்று என்னிடம் கேட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் பதில் முன்னாடியே தெரிந்திருந்தது.

அதற்குக் காரணம் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார். அவர் வீட்டுக்காரரான அண்ணாத்தே மில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்த காலத்திலிருந்து, ஒரு ரூபாயை ஒன்றேகால் ரூபாயாக்கிக் குடும்பம் நடத்தியவர். அவருக்கு ஒரு செய்தி போனால் அது சொந்தம் முழுக்கப் போய்விடும். தம்பி பெண்டாட்டி இமயமலைக்குப் போகிறாள் என்று கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ பெரிய பாக்கியம்! காசியா, பத்ரிநாத்தா?"

"கோயில் இல்ல அண்ணி. சும்மா மல ஏறிட்டு வரப் போறேன்."

"இமயமலன்னாலே சாமிதாம்மா. நீ தன்னடக்கமாப் பேசற."

எனக்குத் தன்னடக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது, சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தும் எடுபடவில்லை. ஒரு வாரத்தில் அண்ணி மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சோடு வந்தார். எங்கள் பக்கத்தில் யாராவது தூரத்துக் கோயிலுக்குப் போனால், போக முடியாதவர்கள் தங்கள் பேரில் உண்டியலில் போடச் சொல்லிக் காசு கொடுத்தனுப்புவது வழக்கம். நாற்பது வீட்டில் வாங்கியிருந்தார். பத்து, நூறு, ஐந்நூறு என்று சேர்ந்து பன்னிரண்டாயிரத்தை நெருங்கியிருந்தது. என் துண்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு தொகை.

இதற்குப் பதில்மரியாதை வேறு உண்டு. காசு கொடுத்த வீட்டுக்கெல்லாம் பிரசாதம் கொண்டுவந்து தர வேண்டும். அண்ணி விரல் விட்டு எண்ணினார்: வீட்டுக்கு ஒரு சொம்பு கங்கா தீர்த்தம், கறுப்புக் கயிறு, பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு ஒரு ருத்ராட்சம். இவர் பேனாவை எடுத்து மனசாட்சியே இல்லாமல் அதையும் எஸ்டிமேட்டில் சேர்த்தார். செலவு போகட்டும், நாற்பது சொம்புத் தண்ணீரை யார் தூக்குவது? அதற்கே தனியாக ஒரு கழுதை வேண்டும்.

இதற்கிடையில், கொஞ்சம் முன்பணம் கட்டி இடம் பிடித்திருந்த மலைக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பாக்கிப் பணத்தைப் பத்து நாளில் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், வரி தனி. வரியை நாங்கள் எஸ்டிமேட்டில் சேர்க்கவே இல்லை. கோட்டில் மிச்சம் பிடித்ததை வரி தின்றுவிட்டது. மறுபடி பன்னிரண்டாயிரம்.

இவர் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சாமி காசுதானே. சாமி மலைக்குத்தானே போற. இப்ப எடுத்துக்க, வந்து மெதுவா மயிலம் கோயில் உண்டியல்ல போட்டுடலாம். சாமிகிட்ட கைமாத்து வாங்கின மாதிரி."

சபலம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அந்த முடிச்சையே சுற்றிச் சுற்றி வந்தேன். அதை எடுத்துக்கொண்டால் போய்விடலாம். ஆனால் எடுத்தால் இது என் பயணமாக இருக்காது, நாற்பது வீட்டுக்காக நான் போன யாத்திரையாகிவிடும். ஆயுசுக்கும் அப்படித்தான் சொல்லுவார்கள். வீட்டுக்காக, பிள்ளைக்காக, சாமிக்காக என்றால் ஒருத்தி எங்கே வேண்டுமானாலும் போகலாம். தனக்காக என்றால் மட்டும் யார் காதிலும் விழாது. யோசிக்க யோசிக்க எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மூன்றாம் நாள் முடிச்சை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடிச்சை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணி, நான் போற இடத்துல கோயிலும் இல்ல, உண்டியலும் இல்ல. வெறும் மலையும் பனியும்தான். இத அவங்கவங்ககிட்ட குடுத்துடுங்க."

"கோயில் இல்லாத மலைக்கு எதுக்குப் போற?"

"பாக்கறதுக்கு."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துடுவேன்."

கீரையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எவ்ளோ செலவு?"

எங்கள் வீட்டுப் பெண்கள் புடவை விலையையே பாதியாகத்தான் சொல்லுவோம். அன்றைக்கு நான் முழுத் தொகையையும் சொன்னேன். அண்ணி முகம் சுண்டிவிட்டது.

"அவ்ளோ காசப் போட்டு, சும்மா பாக்கறதுக்கா? நாங்கல்லாம் என்னிக்காச்சும் எதையாச்சும் சும்மா பாத்திருக்கோமா?"

அண்ணி முடிச்சை அவிழ்த்து, எனக்கு எதிரிலேயே எண்ணிச் சரிபார்த்து, மறுபடி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சாமிக்குன்னு குடுத்தாங்க. உனக்குன்னா குடுத்திருக்க மாட்டாங்க" என்றார். உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்து எஸ்டிமேட்டைப் பிரித்து மேய்ந்தேன். ரயிலுக்குப் போட்டிருந்த ஏசி டிக்கெட்டை அடித்துவிட்டு சாதாரண படுக்கைக்கு மாறினேன். புது முதுகுப்பைக்குப் பதிலாக, கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவளிடம் அவள் பிள்ளையின் பையை வாங்கினேன். வாடகைக்குத் தருகிற ஊன்றுகோலுக்குப் பதிலாக, தேர்தல் முடிந்து பட்டறையில் கிடந்த ஒரு கொடிக்கம்பை இவர் இழைத்து, முனையில் ரப்பர் மாட்டிக் கொடுத்தார். எந்தக் கட்சிக் கொடி என்று சொல்ல மாட்டேன். எல்லாம் போக மிஞ்சியது கழுதை வாடகை. அதையும் அடித்துவிட்டேன். என் பையை நானே தூக்கிக்கொள்வது என்று முடிவு. எஸ்டிமேட்டும் கையிருப்பும் சரியாகப் போயின. வழியில் ஒரு டீ அதிகமாகக் குடித்தால் இடிக்கும், அவ்வளவு சரியாக.

இனி தூக்கிப் பழக வேண்டும். எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது, எங்கே பார்த்தாலும் தட்டைத் தரை. மணலில் நடந்தால் காலுக்கு பலம் வரும் என்று வீடியோவில் சொன்னார்கள். நோணாங்குப்பத்தில் படகேறிப் போனால் அருமையான மணல் இருக்கிறது, ஆனால் படகுக்குக் காசு. எஸ்டிமேட்டில் அது இல்லை. ஆகவே வைத்திக்குப்பம் கடற்கரையில், முதுகுப்பையில் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு விடியற்காலையில் நடந்தேன். எங்கள் ஊரில் ரேஷன் கடை திறக்குமா, அரிசி போடுவார்களா, காசு போடுவார்களா என்பது தீராத கேள்வி. என் பை ஜிப் சரியில்லாமல் அரிசிப் பை எட்டிப் பார்க்கும். முதல் நாளே இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, "எந்தக் கடையிலக்கா போடறாங்க?" என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டார்.

ஆக, போய்ச் சேர்ந்தேன். ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறி, டேராடூன் வழியாக. ஊருக்குள் நுழைந்தபோது ஒரு மருந்துக்கடை வாசலில் அட்டைப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டியா என்று ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

மலையில் எங்கள் கூட்டத்திலேயே வயதானவள் நான்தான். பெங்களூர் கம்ப்யூட்டர் பிள்ளைகள் வண்ண வண்ணக் கோட்டில் நின்றார்கள். நான் முசேவின் சாம்பல் நிறக் கோட்டில், கொடிக்கம்போடு. கூடாரத்துக்குள் நான் நுழைந்தாலே அந்துருண்டை வாசனை நிரம்பிவிடும். வழிகாட்டி நாற்பது தாண்டிய மலைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியில் அச்சாவும் சலோவும் தெரியும். அதிலேயே பாதி நாள் ஓடியது.

மேலே போகப் போக மூச்சு வாங்கியது. பத்து அடி வைத்தால் நிற்கத் தோன்றும். நாங்கள் ஏறிச் சேர வேண்டிய கணவாய்க்கு முந்தைய நாள் ஏற்றத்தில் உண்மையிலேயே முடியவில்லை. ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த கழுதைக்காரர் என் பையைக் காட்டி ஒரு தொகை சொன்னார். என்னிடம் இருந்தது திரும்பிப் போகிற வழிச் சாப்பாட்டுக் காசு மட்டும். ஆனாலும் மீன் மார்க்கெட் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை, விரலைக் காட்டி பேரம் பேசினேன். அவர் இறங்கி இறங்கிப் பாதிக்கு வந்தார். பாதி என்றாலும் ரயிலில் மூன்று வேளைச் சாப்பாடு. கணக்குப் பார்க்கப் பார்க்க மூச்சு சீராகிவிட்டது. எழுந்து பையை மாட்டினேன். அரிசி மூட்டைக்கு இது லேசுதான். இவ்வளவு பேசிவிட்டுப் பையை ஏற்றாமல் போகிறாளே என்று கழுதைக்காரர் சொல்லியிருப்பார். புரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை கணவாய் உச்சிக்கு வந்தோம். அங்கே முதலில் என் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? கல்லை அடுக்கிக் கட்டிய சின்ன மேடை. நடுவில் சூலம். சுற்றிலும் சிவப்புத் துணிகள், மணிகள், சில்லறைக் காசுகள். நான் நாற்பது வீட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்ணியோடு மனத்தாங்கல் வைத்துக்கொண்டு, கழுதை இல்லாமல் மூச்சிரைக்க ஏறி வந்தால், சாமி நமக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறது! வாய்விட்டுச் சிரித்தேன். மூச்சு முட்டுகிறதோ என்று வழிகாட்டி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

ஏதாவது போடுங்கள் என்று ஜாடை காட்டினார். கோட்டுப் பையில் துழாவினால் பத்து ரூபாய் நாணயங்கள். எங்கள் பக்கம் கடைக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள் என்று இவர் பட்டறை டப்பாவில் சேர்ந்ததில் ஏழெட்டை, வடநாட்டில் வாங்குவார்கள் என்று என் பையில் போட்டிருந்தார். ஒன்றை எடுத்து வைத்தேன். சாமி மறுக்கவில்லை. அண்ணி பேருக்கு ஒன்று வைத்தேன்.

அப்புறம் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை, எல்லாம் வெள்ளை. எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. யாருக்காகவும் நினைத்துக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, குளிர்காற்றால் என்று சொல்லலாம், ஆனால் அழுகைதான். சந்தோஷமாக இருந்தது. வழிகாட்டி கூப்பிடும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் அண்ணி வந்தார். கோபம் தணிந்திருக்காது என்று நினைத்தேன். வந்ததும் வராததுமாக, "கோயில் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு அண்ணி. கல்லு மேல சூலம் நட்டு வச்சிருந்தாங்க. உங்க பேருக்கும் ஒரு காசு வச்சேன்."

"நான் சொன்னேன்ல!" என்று தம்பியைப் பார்த்து உரக்கச் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே பட்டறைக்கு நழுவினார். அவர் போனதும் அண்ணி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. போட்டோ காட்டியதும் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் பனியைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் முந்தானையைச் சரி செய்துகொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் ஒரு எஸ்டிமேட் போடச் சொல்லு. இவ்ளோ ஒசரம் வேணாம், என் முட்டிக்கு ஏத்த மாதிரி. உங்க அண்ணாத்தேக்குத் தெரியாம ஒரு சீட்டு போட்டு வச்சிருக்கேன். ஆனா கேக்கறவங்ககிட்டல்லாம் கோயிலுக்குன்னே சொல்லிடு."

எனக்குப் பழையபடி சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, அண்ணிக்குப் புரிகிற பாஷையில் பேசினேன்.

"சொல்லலாம் அண்ணி. கோயிலுக்குன்னா நாப்பது வீட்டுக்கும் தீர்த்தம், கயிறு, ருத்ராட்சம் வாங்கணும். தூக்கறதுக்குக் கழுத வாடகையும் ஆவும். எல்லாம் உங்க சீட்டுக் காசுலதான்."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஒரு ரூபாயை ஒன்றேகால் ஆக்கியவர். ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அப்ப சும்மா பாக்கறதுக்குன்னே சொல்லிடு" என்றார்.